கூலாயிலேயே டேட்டா சென்டர் வந்துவிட்டது, குவாண்டம் இன்டர்ன்ஷிப்புக்கு வெளிநாடு எதற்கு?

வாசகர் கேள்வி, 3 செப்டம்பர் 2025

"அண்ணன், நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயில் இருக்கிறேன். இங்கே ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. மூலக்கூறுகளின் ஆற்றலைக் குவாண்டம் கணினியில் கணக்கிடும் முறைகள் பற்றியது. இதுவரை எல்லாவற்றையும் மடிக்கணினியில்தான் செய்கிறேன். மேற்பார்வையாளர் ஆறு மாதம் எங்காவது ஆய்வுப் பயிற்சிக்குப் போய்வரச் சொல்கிறார். குவாண்டம் சில்லு செய்யும் ஆய்வுக்கூடம் ஒன்று, சூப்பர் கம்ப்யூட்டர் மையம் ஒன்று, இரண்டும் விண்ணப்பம் கேட்கின்றன. அப்பா பால்மரம் வெட்டியவர். 'பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அது நம் வாசலுக்கே வந்த பிறகு நீ எங்கே போகிறாய்' என்கிறார். அவர் சொல்வதும் சரியென்றே படுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?"

3 செப்டம்பர், இரவு

சூப்பர் கம்ப்யூட்டர் மையம். காரணத்தை நாளை எழுதுகிறேன். விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான்.

4 செப்டம்பர்

முதலில் அப்பாவின் கேள்வி. படித்தவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், அதனால் அதற்குத்தான் முதல் பதில்.

கூலாய் யங் தோட்டம் 664 ஹெக்டேர். அதை ஒய்.டி.எல். என்ற மலேசிய நிறுவனம் வாங்கியது. 500 மெகாவாட் வரை வளரக்கூடிய டேட்டா சென்டர் வளாகம் அங்கே எழுகிறது. 2023 டிசம்பரில் சில்லு நிறுவனமான என்விடியாவோடு கூட்டும் அறிவித்தார்கள். 2022-இல் உலகில் முதன்முதலாக எக்ஸாஃப்ளாப் (வினாடிக்கு ஒன்றின்பின் 18 சுழியம் கணக்குகள்) எல்லையைத் தாண்டியதாக, உலகின் வேகமான கணினிகளின் பட்டியலில் ஏறிய அமெரிக்காவின் ஃபிரான்டியர் கணினி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 21 மெகாவாட்தான். அப்படிப் பார்த்தால் அப்பா சொல்வது தப்பே இல்லை. உலகின் பெரிய கணினிகள் தின்னும் மின்சாரத்தைப்போல் பல மடங்கு நம் வேலிக்கு அந்தப் பக்கம் வரப்போகிறது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது ஆள், தங்கை. டேட்டா சென்டர் என்பது இடத்தையும் குளிரையும் மின்சாரத்தையும் வாடகைக்கு விடும் தொழில். உள்ளே ஓடும் கணக்கு வாடிக்கையாளருடையது. அதை எழுதியவர் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பார். ஆய்வு மையத்தில் கணினி நிற்கும் கட்டடத்திலேயே, ஒரு நிரல் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று துருவுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் ஆறு மாதம் உட்காரத்தான் நீங்கள் போகிறீர்கள். அவர்கள் கூலாய்க்கு வரும்போது நானே உங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்கிறேன்.

6 செப்டம்பர்

"குவாண்டம் படிக்கிறவள் பழைய மாதிரிக் கணினியில் போய் என்ன செய்வாள்?" என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுக் காட்டினால்தான் புரியும்.

கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் பிட். அதைச் சாதாரணக் கணினியில் பாவனை செய்யும்போது, ஒரு கியூபிட் கூடினால் நீங்கள் நினைவில் வைக்கவேண்டிய எண்கள் இரட்டிப்பாகும். ஒவ்வொரு எண்ணும் ஒரு சிக்கலெண், இரட்டைத் துல்லியத்தில் 16 பைட். 30 கியூபிட்டுக்கு 16 ஜிகாபைட், ஒரு நல்ல மேசைக் கணினிக்குள் அடங்கும். 33-க்கு 128. மடிக்கணினி அங்கேயே கைவிட்டுவிடும். 40-க்கு 16 டெராபைட். 45-க்கு அரைப் பெட்டாபைட். 2017-இல் அமெரிக்காவின் கோரி கணினியில் 45 கியூபிட்டைப் பாவனை செய்தபோது அவ்வளவு நினைவகம்தான் பிடித்தது. 50 என்றால் 16 பெட்டாபைட். ஜப்பானின் ஃபுகாக்கு சூப்பர் கம்ப்யூட்டரில் 1,58,976 கணுக்கள் (ஒன்றோடொன்று இணைத்த தனிக் கணினிகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 32 ஜிகாபைட். அத்தனையையும் கூட்டினாலும் 5 பெட்டாபைட்டைச் சுற்றித்தான் வருகிறது.

ஆகவே இன்று ஒரு குவாண்டம் முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர், 30-ஐத் தாண்டியவுடனே சூப்பர் கம்ப்யூட்டர் வாசலில்தான் போய் நிற்கவேண்டும். தங்கையின் மூலக்கூறு ஆய்வு எத்தனை கியூபிட் என்று அவர் சொல்லவில்லை. மடிக்கணினி என்றதை வைத்து 20-க்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

7 செப்டம்பர்

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நீளமாக எழுதலாம். நான் பயிற்சிக்குப் போனது ஜப்பானின் கோபே நகரத்துக்கு, கே என்ற சூப்பர் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்த காலம். 2019 ஆகஸ்டில் அதை நிறுத்திவிட்டார்கள், அதே இடத்தில்தான் இப்போது ஃபுகாக்கு நிற்கிறது. ஓட்டுநர் இல்லாத ரயிலில் போய் இறங்கவேண்டும். இறங்கும் நிலையத்துக்கே அன்று அந்தக் கணினியின் பெயர்தான். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு, ஒரு கணினிக்காக ரயில் நிலையத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய அதிசயம். அம்மாவிடம் போனில் சொன்னேன். "சாப்பிட்டாயா" என்று கேட்டார்.

எனக்குக் கொடுத்த வேலை கேட்பதற்குச் சின்னது. குவாண்டம் சிமுலேஷன் நிரல் ஒன்று பல கணுக்களில் ஓடுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் கணக்கில் போகவில்லை, ஒரு கணு இன்னொரு கணுவுக்குத் தரவை அனுப்புவதில் போகிறது. அதைக் குறைக்கவேண்டும்.

கே-யில் ஒரு கணுவுக்கு 16 ஜிகாபைட் நினைவகம். 30 கியூபிட் நிலையை அதில் வைத்தால் விளிம்புவரை நிரம்பிவிடும், இயங்குதளத்துக்கே இடம் இருக்காது. 29 என்றால் 8 ஜிகாபைட். ஆனால் பக்கத்துக் கணுவிடமிருந்து வரும் தரவை வாங்கி வைக்க இன்னொரு 8 வேண்டும், மறுபடியும் நிரம்பிவிடும். எனவே துண்டு துண்டாக அனுப்பி, துண்டு துண்டாக வாங்கி, வந்ததை உடனே கரைத்துவிட வேண்டும். எந்தத் துண்டு எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்பதிலேயே என் முதல் மாதம் போனது.

பிறகுதான் உண்மையான வேலை. எண்களின் பட்டியலை எட்டுக் கணுக்களுக்குப் பிரித்தால், கடைசி மூன்று கியூபிட்டுகள்தான் எந்த எண் எந்தக் கணுவில் இருக்கும் என்பதை முடிவு செய்கின்றன. மற்ற கியூபிட்டுகளின்மேல் ஒரு கேட்டை, அதாவது கியூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு படியை, போட்டால் ஒவ்வொரு கணுவும் தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும். அந்த மூன்றில் ஒன்றின்மேல் போட்டால் கணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தங்கள் தரவை மாற்றிக்கொள்ளவேண்டும். என் பொறுப்பாளர் ஒரு தாளில் எட்டுக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கேட்டுக்கும் யாரிடமிருந்து யாருக்குத் தரவு போகிறது என்று சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி இழுக்கச் சொன்னார். தாள் முழுவதும் சிவப்பு. "அம்புகள் பாதியாகக் குறையும்வரை விசைப்பலகையைத் தொடாதே" என்றார். அடிக்கடி பயன்படும் கியூபிட்டுகளை உள்ளே கொண்டுவந்து, எப்போதாவது பயன்படுபவற்றை அந்த மூன்று இடங்களுக்குத் தள்ளிவிட வேண்டும். கேட்டுகளின் வரிசையை முன்பின்னாக மாற்ற முடிகிற இடத்தில் மாற்றி, ஒரே பரிமாற்றத்தில் பல கேட்டுகளை முடிக்கவேண்டும். பென்சில் தேய்ந்தது. அதன் பிறகு எழுதிய நிரல் சின்னதாகவே இருந்தது.

இந்த உத்தி புதிதல்ல, அந்தத் துறையில் பலர் முன்பே செய்ததுதான். பல்கலைக்கழகத்தில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்திருக்க முடியாது என்பதுதான் விஷயம். கற்றுத்தர மனமில்லை என்று சொல்லவரவில்லை. எட்டுக் கணு சேர்ந்தாற்போல் கிடைத்தால்தானே அம்பு இழுக்க ஒரு காரணம் இருக்கும்.

7 செப்டம்பர், மாலை

பட்டர்வொர்த் நண்பர் மறுபடியும்: "ஐ.பி.எம். 2023-இலேயே 1,121 கியூபிட் சில்லு வெளியிட்டுவிட்டது, 50-க்கு ஏன் இந்தப் பாடு?"

அந்த 1,121-உம் பிழை செய்கிற கியூபிட்டுகள். இரண்டு கியூபிட் கேட் ஆயிரம் முறை போட்டால் ஒரு சில முறை தவறு வரும் என்பதுதான் நல்ல சில்லுகளின் இன்றைய நிலை. அந்தப் பிழைகளைத் திருத்திக்கொண்டே, உங்கள் வங்கிக் கணக்கைக் காக்கும் 2,048 பிட் ஆர்.எஸ்.ஏ. மறைகுறியாக்கச் சாவியை உடைக்க இரண்டு கோடிக் கியூபிட் வேண்டும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். இந்த ஆண்டு மே மாதம் கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி அதைப் பத்து லட்சத்துக்குக் கீழே இறக்கிக் காட்டினார். கணக்கு இறங்குகிறது, உண்மைதான். ஆயிரத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையே இன்னும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2019-இல் கூகுள் தன் 53 கியூபிட் சில்லு 200 வினாடியில் செய்ததைச் சூப்பர் கம்ப்யூட்டர் செய்ய 10,000 ஆண்டு ஆகும் என்றது. இரண்டரை நாள் போதும் என்று ஐ.பி.எம். உடனே மறுத்தது. பிறகு சீனாவில் ஒரு குழு 512 ஜி.பி.யூ.க்களை (வரைகலைச் சில்லுகளை) வைத்துப் பதினைந்து மணிநேரத்தில் அதே கணக்கை முடித்துக் காட்டியது. 2023-இல் ஐ.பி.எம். தன் 127 கியூபிட் சோதனையை வெளியிட்டபோது அதே கதை அவர்களுக்கும் நடந்தது. சில வாரங்களுக்குள் சாதாரணக் கணினியில் அதைச் செய்து காட்டியவர்கள் வரிசையில் வந்தார்கள். குவாண்டம் துறையில் யார் சொன்னது எடுபடும், எது எடுபடாது என்று தராசு பிடிப்பவர்கள் சூப்பர் கம்ப்யூட்டர்க்காரர்கள்தான். அந்தப் பக்கம் போய் உட்காருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

21 செப்டம்பர்

சில்லு ஆய்வுக்கூடத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று தங்கை நினைவூட்டினார். ஒரு நண்பர் அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறார், போய்ப் பார்த்திருக்கிறேன். படங்களில் வரும் அந்தத் தங்க முலாம் பூசிய தட்டுகள் அடுக்கடுக்காய்த் தொங்கும் குளிர்பதனி, கீழே வரவரக் குளிர்ந்து கடைசித் தட்டில் 10, 15 மில்லிகெல்வினில் நிற்கும். பார்க்கக் கண் நிறையும். ஆனால் நான் போன அன்று அது திறந்து கிடந்தது. பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் கையில் ஹீலியம் குழாயோடு இணைப்பு இணைப்பாக நகர்ந்து, எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை, அவர் முகமே சொன்னது.

ஒரு முறை மூடினால் குளிர்ந்து இறங்கவே நாள்கணக்கில் ஆகும். உள்ளே ஒரு கம்பி சரியில்லை என்று தெரிந்தால் சூடேற்றி, திறந்து, மறுபடி முதலிலிருந்து. ஆறு மாதத்தில் உருப்படியாக எத்தனை முறை குளிர்விக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதப் பயிற்சி என்றால் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். ஓர் ஆண்டு கிடைக்குமானால் என் பதில் வேறாக இருக்கும்.

அதையும் யோசித்துப் பார்த்தேன். கையால் செய்கிற வேலையில் ஒரு ருசி இருக்கிறது, அது நிரல் எழுதுகிறவனுக்குக் கிடைக்காது. பிழை எப்படி உண்டாகிறது என்று அந்த மாணவருக்கு உடம்பால் தெரியும். எனக்கு அது ஒரு எண். தங்கைக்குச் சோல்டரிங் பிடித்த கைகள் இருந்தால், நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம்.

8 அக்டோபர்

நேற்று இயற்பியல் நோபல் பரிசு அறிவிப்பு. ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்டினிஸ். 1980-களின் நடுவில் பெர்க்லியில் மின்சுற்றிலேயே குவாண்டம் ஊடுருவலை (தாண்டமுடியாத தடையைத் துளைத்துப் போவதை) காட்டிய சோதனைகளுக்காக. மின்தடையே இல்லாத சுற்றுகளால் ஆன இன்றைய மீக்கடத்துக் கியூபிட்டுகளுக்கு அதுதான் அடித்தளம். அந்த மூவரில் மார்டினிஸ் அப்போது முனைவர் பட்ட மாணவர். கூகுளின் 53 கியூபிட் சில்லுக்கும் பின்னாளில் அவர் குழுதான் பொறுப்பு.

தங்கை உடனே எழுதிவிட்டார்: "அப்படியானால் சில்லு ஆய்வுக்கூடம்தானே அண்ணன்?"

மார்டினிஸ் அங்கே ஆறு மாத விருந்தாளியாகப் போகவில்லை, அவருடைய முழு ஆய்வேடும் அதுதான். பேராசிரியர் கிளார்க் ஒரு பக்கத்தில், முனைவர் பட்டம் முடித்துவந்த டெவோரே இன்னொரு பக்கத்தில், மாணவர் நடுவில். இந்த மாதிரி மூன்று பேர் அமைவது பெரிய கொடுப்பினை. எங்கே விண்ணப்பித்தாலும், அன்றாடம் யார் பக்கத்தில் உட்காரப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெரிய பேராசிரியர் பெயர் கடிதத்தில் இருக்கும், அவரை இரண்டு முறை பார்ப்பீர்கள்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. வீட்டில் முறுக்கு சுடும் புகைக்கு நடுவே எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று மூன்று நான்கு பேர் கேட்டிருந்தார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வுக்கூடங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் 3 முதல் 12 மாதம் வரை போய் ஆய்வு செய்ய ஒரு திட்டம் இருக்கிறது. கேட்கவே இனிக்கும். ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் மட்டும். விண்ணப்பத்தில் பாதி எழுதியபிறகு இது கண்ணில் பட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். தகுதி என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

ஜெனீவாவில் இருக்கும் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஓப்பன்லேப் கோடைப் பயிற்சியை ஒருவர் சொன்னார். ஒன்பது வாரம், நல்ல இடம்தான், ஆனால் அது முதன்மையாக இளங்கலை, முதுகலை மாணவர்களுக்காக அமைந்தது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர் அந்த வரிசையில் நிற்கவேண்டாம்.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் அயல்நாட்டு முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று தனித்திட்டம் உண்டு. அங்குள்ள ஆய்வாளரும் உங்கள் மேற்பார்வையாளரும் சேர்ந்து வழிநடத்துவார்கள். ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ரிக்கெனுக்கும் உடன்பாடு இருக்கவேண்டும். தங்கை தன் பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் இதைக் கேட்டுவைக்கட்டும். கோபேயில் இந்த ஜூன் மாதம் ஃபுகாக்குவுக்குப் பக்கத்திலேயே ஐ.பி.எம். குவாண்டம் கணினி ஒன்றை நிறுவியிருக்கிறார்கள், 156 கியூபிட். சூப்பர் கம்ப்யூட்டரா குவாண்டமா என்று கேட்டவருக்கு இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடங்கள் இனி கூடத்தான் செய்யும்.

சிங்கப்பூர் நமக்குப் பக்கம். குவாண்டம் தொழில்நுட்பங்களுக்கான மையம் 2007-இலிருந்து அங்கே இயங்குகிறது.  அங்கே பயிற்சிக்கான வேலை அனுமதி ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்துக்குமேல் தரமாட்டார்கள், நீட்டிப்பும் கிடையாது. ஆறு மாதம் வேண்டுமென்றால் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வருகை ஆய்வு மாணவராகப் பதிந்து போகிற வழியைக் கேளுங்கள். கூலாயிலிருந்து தினம் போய்வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் போய்வருகிறேன், அதனால் சொல்கிறேன். பாலத்தில் நின்றுவிட்டு வந்தவனுக்கு இரவில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம்கூட உள்ளே இறங்காது.

எண்ணெய் கூப்பிடுகிறது.

2 நவம்பர்

பணம். இதை யாரும் எழுதமாட்டார்கள், எழுதினால் பிச்சை கேட்கிறதுபோல் இருக்கும் என்று கூச்சம்.

உதவித்தொகை உண்டு என்று கடிதத்தில் இருக்கும். எப்போது கைக்கு வரும் என்று இருக்காது. எனக்கு முதல் மாதத் தொகை இரண்டாம் மாதக் கடைசியில்தான் வந்தது. வங்கிக் கணக்கு திறக்க முகவரிப் பதிவு, பதிவுக்கு வாடகை ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்கு முன்பணம், முன்பணத்துக்கு வங்கிக் கணக்கு. விமான டிக்கெட்டையும் நானே வாங்கிவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டி வாங்கவேண்டும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு சின்னத் தொந்தரவு. எங்கள் வீட்டில் அம்மா பிடித்துவந்த சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தார்கள். அதில் எவ்வளவு தள்ளுபடி போனது என்று இன்றுவரை சொல்லவில்லை.

அதைவிட மோசம் இங்கே நடந்தது. பயிற்சிக்காக ஒரு செமஸ்டர் ஒத்திவைப்பு எழுதிக்கொடுத்தேன். ஒத்திவைத்தால் கல்வி உதவித்தொகை நின்றுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நின்ற பிறகு சொன்னார்கள். ஒத்திவைப்பு வேறு, வெளியிடத்தில் ஆய்வு செய்யும் அனுமதி வேறு. இரண்டாவதைக் கேளுங்கள். பதிவு தொடரும், பணமும் தொடரும். அந்த அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் இல்லை. இரண்டு படிவங்களும் ஒரே நிறம், எனக்கு முதல் அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "வட்டாரத் தமிழர் அமைப்புகள் உதவாதா?" என்று கேட்கிறார். உதவுவார்கள், ஐயா. இளங்கலைக்கு உதவுவார்கள். முனைவர் பட்ட மாணவருக்கு ஆறு மாதப் பயிற்சி என்றால் அது என்ன, படிப்பா வேலையா என்று கூட்டத்தில் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் கதவு திறக்கலாம். முன்பணத்துக்கு மட்டும், திருப்பித் தருகிறேன் என்று கேட்கட்டும்.

23 நவம்பர்

ஜெர்மனியின் ஜூப்பிட்டர் கணினி இந்த மாதப் பட்டியலில் எக்ஸாஃப்ளாப்பைத் தொட்டுவிட்டது. ஐரோப்பாவில் முதல். அதை வைத்திருக்கும் ஜூலிக் ஆய்வு மையத்தின் குழு அதில் 50 கியூபிட்டை முழுமையாகப் பாவனை செய்திருக்கிறது. செப்டம்பரில் 16 பெட்டாபைட் வேண்டும் என்று எழுதினேனே, அதை எப்படி அடக்கினார்கள்? ஒவ்வொரு எண்ணையும் 16 பைட்டில் எழுதாமல் மிகச் சுருக்கி எழுதுகிறார்கள். துல்லியம் கொஞ்சம் போகும், இடம் பல மடங்கு மிச்சம். 48 கியூபிட் செய்தபோதே அவர்கள் இந்த வழியைக் கையாண்டவர்கள். 16 பைட் என்பது விதி இல்லை, வழக்கம். அந்தக் கணக்கை அடியோடு நம்பி மனப்பாடம் செய்தவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சோடு பேச்சாக, பார்சிலோனாவில் பழைய தேவாலயம் ஒன்றுக்குள் சூப்பர் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். புதியது வேறு கட்டடத்துக்குப் போனபிறகு அந்தத் தேவாலயத்தில் குவாண்டம் கணினியைக் குடியேற்றியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நம் ஊரில் தோட்டம் கைமாறினால் முதலில் எழும் கேள்வியே கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எங்கே போகும் என்பது. அங்கே கோயிலுக்குள் கணினி, இங்கே கணினிக்கு வழிவிட்டுக் கோயில். சரி, இழை திசை மாறுகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

11 ஜனவரி 2026

தங்கை விண்ணப்பக் கடிதத்தின் வரைவை அனுப்பியிருந்தார். "சிறுவயது முதலே குவாண்டம் உலகின்மீது ஆர்வம்" என்று தொடங்குகிறது. அடித்துவிட்டேன். சிறுவயதில் நமக்கு ஆர்வம் கச்சான் பூத்தே கடலையிலும் கோலி விளையாட்டிலும்தான்.

அதற்குப் பதிலாக மூன்றாம் பத்தியில் ஒளிந்திருந்ததை மேலே ஏற்றச் சொன்னேன். தன் மாறியல் முறையில் (எண்களை மாற்றி மாற்றி மிகக் குறைந்த ஆற்றலைத் தேடும் முறை) கியூபிட் கூடக்கூடச் சரிவு தட்டையாகி, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஆற்றல் மாறாமல் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். இது 2018-இலிருந்து அந்தத் துறையே தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கல். அது தன் ஆய்வில் எந்தக் கியூபிட் எண்ணிக்கையில் தொடங்குகிறது என்று வரைபடத்தோடு வைத்திருக்கிறார், 18 வரை போயிருக்கிறார். "18-இல் மடிக்கணினிக்கு நேரம் போதவில்லை, உங்கள் கணினியில் 32 வரை போய்ப் பார்க்கவேண்டும், அதற்கு இவ்வளவு நினைவகம், இத்தனை கணு, இத்தனை மணிநேரம்" என்று எழுதினால் எதிரே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அவருக்கு ஆர்வம் அளக்கத் தெரியாது, கணு மணிநேரம் அளக்கத் தெரியும்.

இன்னொரு ஆலோசனை. போவதற்கு முன் உள்ளூரில் எந்தக் கணுத்தொகுதி கிடைத்தாலும் அதில் வேலையை வரிசையில் விட்டுப் பழகுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, வேறு சில பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நெருக்கமாகச் சொன்னால் சீக்கிரம் இடம் கிடைக்கும். பெரிய வேலைக்குக் கணுக்கள் சேரும்வரை காலியாக நிற்கும் இடைவெளியில், ஜொகூர் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் புகுவதுபோலச் சின்ன வேலைகளை, வரிசையை நடத்தும் நிரல் உள்ளே விட்டுவிடும். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் மூன்று நாள் என்று எழுதுகிறவர்கள் லாரியோடு லாரியாக நிற்பார்கள்.

12 ஜனவரி

"32 வரை போனால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா?" என்று பட்டர்வொர்த் நண்பர். தீராது. எங்கே, எவ்வளவு வேகமாகத் தட்டையாகிறது என்று தெரியும். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்துக்கு அது போதும். இந்த முறையே மூலக்கூறுக்கு உதவாது என்று தங்கையின் வரைபடம் கடைசியில் காட்டினாலும் அதை எழுதலாம். மேற்பார்வையாளர் முகம் கோணும். கோணட்டும்.

3 பிப்ரவரி

தைப்பூசத்துக்குப் போய்வந்த களைப்பு இன்னும் இருக்கிறது. தங்கைக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, ஆறு மாதம். எந்த நாடு என்று அவர் எழுத விரும்பினால் எழுதட்டும். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அங்கேயும் மழை பெய்யுமா என்று கேட்டார், அவ்வளவுதான்" என்கிறார்.

கையெழுத்துப் போடுமுன் கடிதத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். முடிவுகளை ஆய்வேட்டில் சேர்க்க அனுமதி உண்டு என்று எழுத்தில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது, அதைச் சொன்னவரே நடுவில் வேறு வேலைக்குப் போய்விடலாம். நீங்கள் எழுதும் நிரல் யாருடையது, திறந்த உரிமத்தில் வெளிவருமா என்பது இரண்டாவது. நிறுவனங்களில் இதற்குச் சட்டப் பிரிவின் ஒப்புதல் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டிவரும், பொது ஆய்வு மையங்களில் பெரும்பாலும் எளிது.

மூன்றாவது, கணக்கு. பயிற்சியின் கடைசி நாளன்றே உங்கள் உள்நுழைவை மூடிவிடும் மையங்கள் உண்டு. 32 கியூபிட் ஓட்டத்தின் தரவு டெராபைட் கணக்கில் கிடக்கும், அதைக் கடைசி வாரத்தில் கூலாய் வீட்டு இணையத்துக்கு இறக்கமுடியாது. எதை வைப்பது, எதை அழிப்பது என்று நான்காம் மாதத்திலேயே பொறுப்பாளரோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். நிலைகளை முழுதாகச் சேமிக்கவேண்டாம். ஆற்றல் மதிப்புகளும், அவற்றை மறுபடி உண்டாக்கத் தேவையான தொடக்க எண்களும், நிரலின் பதிப்பு எண்ணும் போதும். கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும், நீட்டிக்க யாருக்கு எழுதவேண்டும் என்று ஒப்புதல் கடிதம் அனுப்பும்போதே கேட்டுவிடுங்கள்.